கடலூர், புதுச்சேரிப் பக்கம் புல்லாங்குழல் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஆசிரியர், குழல், சேர்க்கை, செலவு

கடலூரில் இருந்துகொண்டு புல்லாங்குழல் கற்க வேண்டும் என்றால் யாரைக் கேட்பது, எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும் என்று ஒரே மூச்சில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இசைப்பள்ளியில் கேட்டால் அந்தப் பிரிவு இங்கே இல்லை என்கிறார்கள். கடையில் கேட்டால் ‘எத்தனை கட்டை வேண்டும்?’ என்று சுருதி அளவை நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். மகளைச் சேர்ப்பதற்காக மஞ்சக்குப்பத்துக்கும் புதுச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் அலைந்து, கடைசியில் அவளோடு நானும் உட்கார்ந்து ஊத ஆரம்பித்துவிட்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இது. கண்ணன் ஊதினான், சிலப்பதிகாரத்தில் குழலோன் வருகிறான் என்ற வரலாறெல்லாம் வேறு இடங்களில் நிறையவே கிடைக்கும். இங்கே வேலையை மட்டும் பார்ப்போம்.

1. எந்தக் குழல் என்பதை முடிவு செய்யுங்கள்

‘ஃப்ளூட்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்த ஒரு பெயருக்குள் நான்கு கருவிகள் இருக்கின்றன. புதுச்சேரியில் மேற்கத்திய இசைக்கருவி விற்கும் கடையில் கேட்டால் சாவி வைத்த உலோகக் குழலை எடுத்துக் காட்டுவார்கள். விலையைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள். சில பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வாங்கச் சொல்வது ரெக்கார்டர். நுனியில் வாய் வைத்து ஊதுவது, பிளாஸ்டிக். மூன்றாவது, வட இந்திய பான்சுரி. நான்காவதுதான் நம் கச்சேரி மேடையில் பார்க்கும் கர்நாடகப் புல்லாங்குழல்.

குழப்பம் கடைசி இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டும் மூங்கில், இரண்டும் பக்கவாட்டில் பிடித்து ஊதுவது, படத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பான்சுரியில் பொதுவாக ஆறு விரல்துளைகள், சிலவற்றில் ஏழு. கர்நாடகக் குழலில் எட்டு. அதில் ஏழைத்தான் விரலால் மூடுவோம், கடைசித் துளை எப்போதும் திறந்தே இருக்கும். நம் குழலின் மூங்கில் சற்றுத் தடிமன், நீளம் குறைவு.

இதைவிட முக்கியமானது விரல் கணக்கு. கர்நாடகக் குழலில் ஊதும் துளைக்கு அடுத்த முதல் இரண்டு துளைகளை மூடினால் ‘ஸ’. பான்சுரியில் முதல் மூன்றை மூடினால்தான் ‘ஸ’. இதனால் என்ன ஆகும் என்றால், குழலின் மேல் எழுதியிருக்கும் சுருதியே மாறிப்போகும். ‘ஜி’ என்று எழுதிய பான்சுரியை வாங்கி வந்து கர்நாடக முறையில் ஊதினால் உங்களுக்கு வருவது ‘ஏ’. நம் கட்டைக் கணக்கில் ‘ஜி’ 5 கட்டை, ‘ஏ’ 6 கட்டை. அதாவது 5 கட்டை என்று நினைத்து வாங்கியது 6 கட்டையாக ஒலிக்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் 5 கட்டையில் ஊதும்போது உங்கள் பிள்ளை மட்டும் தனி ஊரில் இருக்கும். இணையத்தில் ‘தொடக்கநிலைக் குழல்’ என்று மலிவாக வருவதில் பெரும்பகுதி ‘சி’ பான்சுரிதான். துளையை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சினிமாப் பாட்டு மட்டும் ஊதினால் போதும் என்கிறவர்களுக்கு பான்சுரி தாராளமாக ஒத்துவரும். ஆனால் நம் பக்கம் ஆசிரியர் கிடைப்பது பெரும்பாலும் கர்நாடக முறைக்குத்தான். அதனால் மீதிக் கட்டுரை அதைப் பற்றியே.

2. ஆசிரியர் கிடைத்த பிறகே குழல்

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குழலை வாங்கி வைத்துவிட்டு ஆசிரியரைத் தேடினால், முதல் வகுப்பிலேயே ‘இது வேண்டாம், வேற வாங்கிட்டு வாங்க’ என்றுதான் ஆரம்பிக்கும். எந்தக் கட்டை, யார் செய்த குழல் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பாட்டு, வயலின், மிருதங்க ஆசிரியர்கள் தெருவுக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தாலும் குழல் ஆசிரியர் அப்படிக் கிடைக்கமாட்டார். தேடும் வழி சொல்கிறேன். பரதநாட்டிய அரங்கேற்றம் எங்கே நடந்தாலும் போய் உட்காருங்கள். பக்கவாத்தியத்தில் குழல் வாசிப்பவர் ஒருவர் அநேகமாக இருப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைப் பக்கம் போய்ப் பேசுங்கள். அவர் சொல்லித்தராவிட்டாலும் சொல்லித்தரும் ஆளைத் தெரிந்திருக்கும். ஜனவரியில் அங்கங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனை, மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலி, இரண்டும் இதற்கு நல்ல இடங்கள். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்களையும் ஒதுக்க வேண்டாம். சரளி வரிசை என்கிற அடிப்படைப் பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போனவர்கள் நிறையப் பேர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் குழல் படித்துவிட்டு ஊர்ப்பக்கம் தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். தவில், நாயனக்காரர்களைக் கேட்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வீடு வரை சொல்வார்கள்.

ஆசிரியரிடம் முதல் நாளே கேட்க வேண்டியவை: வகுப்பு தனியாகவா, கூட்டமாகவா? மாதக் கட்டணமா, வகுப்புக் கணக்கா? அவருக்குக் கச்சேரி இருந்தால் விட்ட வகுப்பை ஈடு செய்வாரா? மார்கழியிலும் திருமண மாதங்களிலும் கலைஞர்கள் ஊரில் இருப்பதே அபூர்வம், அதனால் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு, அது விரல்முறை பற்றியது. கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904), அவர் சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் வழியில் வந்தது ஒரு முறை. மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) கொண்டுவந்தது இன்னொரு முறை. இன்று பெரும்பாலும் புழங்குவது மாலியின் முறைதான். ஒரு ஆசிரியரிடம் ஆறு மாதம் படித்துவிட்டு வேறொருவரிடம் மாறும்போது விரல்கள் சண்டை போடும். ‘எந்த வழியில் சொல்லித்தருகிறீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்டுவைத்தால் பிறகு ஆள் மாற்றும்போது உதவும்.

வீடியோ வகுப்பு சரிப்படுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் இரண்டு மாதம் வேண்டாம். உதடு எங்கே படுகிறது, காற்று எந்தக் கோணத்தில் போகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் திருத்த முடியும். ஒலி நிலைத்த பிறகு வீடியோவுக்கு மாறலாம்.

3. அரசு நிறுவனங்களில் எங்கே என்ன கிடைக்கும்

நான் அதிகம் அலைந்தது இதில்தான்.

கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது, கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான், மூன்றாண்டுப் படிப்பு, வயது 12 முதல் 25 வரை. கேட்கும்போதே ஆசையாக இருக்கும். ஆனால் இந்த மாவட்டப் பள்ளிகளில் உள்ள பிரிவுகள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். குழல் அந்தப் பட்டியலில் இல்லை. மேலும் அது வார நாட்களில் பகல் முழுக்க நடக்கும் வகுப்பு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒத்துவராது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட, இசையே வாழ்க்கை என்று நினைக்கிற ஒருவர் அங்கே குரலிசை படித்துக்கொண்டு குழலை வெளியில் கற்பது நல்ல ஏற்பாடு. பாடத் தெரிந்தவன் ஊதும் குழல் தனியாகத் தெரியும்.

சிறு பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் உண்டு. விடுமுறை நாட்களில் பாட்டு, பரதம், ஓவியம் என்று குறைந்த செலவில் நடக்கும். குழலுக்கு முன்னால் தாளமும் சுரமும் பழக இது போதும்.

குழலையே முதன்மைப் பாடமாகப் படிக்க வேண்டும் என்றால் நம் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1929 முதல் இசை சொல்லிக்கொடுக்கிறார்கள். குழல் பிரிவும் உண்டு. கடலூரிலிருந்து பேருந்தில் தினமும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு இசைக் கல்லூரி என்றால் நமக்குக் கிட்டத்தில் சென்னையும் திருவையாறும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். கடலூர் சாலையிலேயே இருக்கிறது, பேருந்து வாசலில் நிற்கும். இசை, நடனம், ஓவியம், சிற்பம் என்று பட்டப்படிப்புகள். சேர்க்கை சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு வழியாக. எந்தெந்தக் கருவிக்கு அந்த ஆண்டு இடம் போட்டிருக்கிறார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பு அலுவலகத்திலேயே நேரில் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

எல்லைச் சிக்கல் ஒன்று உண்டு. கடலூரும் புதுச்சேரியும் நமக்கு ஒரே ஊர் மாதிரிதான். காலையில் இங்கே டிபன், மதியம் அங்கே சாப்பாடு. காகிதத்தில் அப்படி இல்லை. புதுச்சேரி இடஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரியின் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். எல்லைக்கு இந்தக் கடலூர்ப் பக்கம் வீடு இருந்தால் நீங்கள் வெளிமாநிலத்தவர். அங்கே வேலை பார்க்கிறேன், மாமா அங்கே வாக்காளராக இருக்கிறார் என்பதெல்லாம் கவுண்டரில் எடுபடாது.

4. காகிதங்கள்

தனி ஆசிரியரிடம் சேர எந்தக் காகிதமும் வேண்டாம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, உங்களால் முடிந்த தட்சிணை, அவ்வளவுதான். மேலே சொன்ன நிறுவனங்களுக்கு மட்டும் இவற்றைத் தயாராக வைத்திருங்கள்: மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நகல்.

பொறி இருப்பது பெயரில். மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தால் இணைய விண்ணப்பம் முரண்டு பிடிக்கும். அதைத் திருத்த ஓடும் நாட்களில் சேர்க்கையே முடிந்துவிடும். ஏப்ரலிலேயே பார்த்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்துப் படிவமாக இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக வாங்குங்கள். கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போய் வர நாள் பிடிக்கும். மே, ஜூனில் ஊரே அந்த வரிசையில் நிற்கும்.

பல்கலைக்கழகத்தில் கருவிப் பிரிவுக்குச் சேர்க்கையின்போது வாசித்துக் காட்டச் சொன்னால் தடுமாறாமல் இருக்க, வரிசைகளுக்கு அடுத்துக் கற்கும் எளிய உருப்படியான கீதம் இரண்டாவது கையில் இருக்கட்டும். அதாவது பிளஸ் டூ முடித்த பிறகு குழலைத் தொடலாம் என்று இருந்தால் தாமதம்.

5. குழல் வாங்குவது

கடற்கரையில் நீளக் குச்சியில் குழல்களைச் செருகிக்கொண்டு ஒருவர் அருமையாக ஊதிக்கொண்டே வருவார். சில்வர் பீச்சிலும் பார்க்கலாம், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் பார்க்கலாம், தேவனாம்பட்டினத்து மாசிமகக் கூட்டத்திலும் பார்க்கலாம். அவர் ஊதும் குழலை அவர் தரமாட்டார். குச்சியில் இருப்பவை விளையாட்டுச் சாமான். துளைகள் ஒரே இடைவெளியில் வரிசையாகப் போடப்பட்டிருக்கும், சுருதி சேராது. பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், பாடத்துக்கு வேண்டாம்.

வாங்க வழிகள் மூன்று. ஆசிரியர் மூலமாகக் குழல் செய்பவரிடம் சொல்லி வாங்குவது முதல் வழி, அதுவே சிறந்தது. ஆசிரியர் கையில் நாலைந்து குழல் வரவழைத்து, ஊதிப் பார்த்து, ஒன்றை உங்களிடம் தருவார். இரண்டாவது, கடையில் போய்ப் பொறுக்குவது. மூன்றாவது இணையம். இணையத்தில் வாங்கினால், சுருதி சேராவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எச்சில் பட்ட பொருள் என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிற விற்பனையாளர்கள் உண்டு. எங்களுக்கே ஒரு முறை அது நடந்தது.

கட்டை விஷயம். 1 கட்டை என்றால் ‘சி’, 2 ‘டி’, 3 ‘இ’, 4 ‘எஃப்’, 5 ‘ஜி’, 6 ‘ஏ’. நடுவில் அரைக் கட்டைகள். கட்டை ஏற ஏறக் குழல் குட்டையாகும், ஒலி கூர்மையாகும். பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்வது 5 கட்டை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விரல் எட்டாவிட்டால் 6 அல்லது 6½. குழல் கலைஞர் என். ரமணி கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த நீளக் குழலின் கம்பீரமான ஒலியைக் கேட்டு மயங்கி, முதல் குழலே அதுதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். விரலை அகட்டி அகட்டி மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியவை. குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா பாருங்கள். திறந்த முனை வழியாகக் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடியுங்கள்: சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும், துரும்பு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெள்ளைத் தூளாக ஏதாவது கொட்டினால் உள்ளே பூச்சி குடியிருக்கிறது என்று அர்த்தம், கீழே வைத்துவிடுங்கள். ஊதும் துளையின் விளிம்பை நகத்தால் சுற்றி வருடுங்கள். நாம் ஊதும் காற்று எதிர் விளிம்பில் மோதிப் பிரிவதால்தான் ஒலியே பிறக்கிறது. அந்த விளிம்பு மழுங்கியோ பிசிறாகவோ இருந்தால் எத்தனை மாதம் ஊதினாலும் புஸ் என்ற சத்தம் போகாது. விரல்துளைகளின் ஓரமும் அப்படியே. பிசிறு இருந்தால் விரல் சரியாக மூடாது.

குழலில் அங்கங்கே நூல் சுற்றியிருப்பது விரிசல் விழாமல் இருப்பதற்காக, நல்லதுதான். ஆனால் விழுந்துவிட்ட விரிசலை மறைக்கவும் அதே நூலைச் சுற்றலாம். நூல்கட்டின் இரண்டு ஓரங்களிலும் முடி போல ஒரு கோடு எட்டிப் பார்க்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

இனி சுருதி. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி காட்டும் டியூனர் செயலி ஒன்றை இறக்கி, ‘ஏ’ 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஊத வராது என்பதால், வருகிற ஒருவரை அழைத்துப் போங்கள் அல்லது கடைக்காரரையே ஊதச் சொல்லுங்கள். முதல் இரண்டு துளை மூடி ‘ஸ’ ஊதும்போது 5 கட்டைக் குழலில் ‘ஜி’ காட்ட வேண்டும். அதோடு விட்டுவிடாதீர்கள். ‘ப’வும் மேல் ‘ஸ’வும் ஊதச் சொல்லுங்கள். ‘ஸ’ சரியாக இருந்து ‘ப’ மட்டும் சுருதி இறங்கித் தொங்கும் குழல்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. ஒன்றைக் கவனியுங்கள்: குழலைச் சற்று உள்பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும், வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். கைதேர்ந்தவர் ஊதினால் கெட்ட குழலையும் அப்படி உருட்டிச் சமாளித்துவிடுவார். அதனால் முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்காமல், அவர் தாடையும் குழலும் சுரத்துக்குச் சுரம் அசைகின்றனவா என்றும் பாருங்கள்.

பி.வி.சி. குழாயில் செய்த குழலும் கிடைக்கிறது. மூங்கில் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். என் எண்ணம் வேறு: துளைகள் சரியாக இருந்தால் பிள்ளை தொடங்குவதற்கு அது பாவமில்லை. உடையாது, பூஞ்சை பிடிக்காது, கீழே போட்டாலும் பரவாயில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரே குழலுக்கு மூங்கிலோடு சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று நாலு மாற்றுப் பொருள் சொல்லியிருக்கிறார். இன்று இருந்தால் ஐந்தாவதாக இதையும் சேர்த்திருப்பாரோ என்னவோ.

6. செலவு

நாங்கள் விசாரித்தபோது இருந்த நிலவரம் இது. உங்களுக்குச் சற்று முன்பின் ஆகலாம். ஒழுங்காகச் சுருதி சேர்த்த தொடக்கநிலைக் குழல் 600 முதல் 1,200 ரூபாய். அதற்குக் கீழே போனால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முதல் குழலுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் யாராவது கேட்டால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். வகுப்புக் கட்டணம் வாரம் இரண்டு வகுப்புக்கு மாதம் 800 முதல் 1,500 வரை, தனி வகுப்பு என்றால் கூடுதல். சுருதிப் பெட்டி வாங்க வேண்டாம், தம்பூரா செயலி போதும்; மேடை ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம். உறைக்குத் தையல்காரரிடம் பருத்தித் துணியில் தைத்துக்கொண்டால் நூறு ரூபாய்க்குள் முடியும். கடையில் ரெக்சின் உறையைத் தலையில் கட்டுவார்கள்; அதில் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

ஆக முதல் மூன்று மாதத்துக்கு பஸ் செலவு நீங்கலாக மூவாயிரம் முதல் ஆறாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலின், வீணை வாங்கப் போனவர்களோடு ஒப்பிட்டால் நாம் தப்பித்தோம்.

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்பணம் கேட்கும் வகுப்புகளில் சேராதீர்கள். குழலில் பாதிப் பேர் முதல் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

7. எப்போது தொடங்குவது, எவ்வளவு நாள் ஆகும்

விஜயதசமி நல்ல நாள்தான். ஆனால் அன்று சேர்கிற கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் உதட்டைப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் இருக்காது. அடுத்த சில வாரத்தில் தீபாவளி, கூடவே வடகிழக்குப் பருவமழை. வகுப்பு பாதி நாள் இருக்காது. அன்றைக்குப் பூசையில் வைத்து ஒரு பாடம் வாங்கிக்கொண்டு, உண்மையான படிப்பைப் பொங்கல் முடிந்ததும் ஆரம்பிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை என்றால் தேர்வு முடிந்த ஏப்ரல்.

வயது: ஆறு, ஏழு வயதில் முன்பல் விழுந்து முளைக்கும். அந்த நேரத்தில் உதட்டுக்குப் பிடிமானம் இருக்காது. எட்டு வயதுக்குப் பிறகு வசதி; அதுவரை பாட்டு கற்கட்டும். பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் ஊதலாம், போட்ட புதிதில் ஒலி கலையும், பிறகு பழகிவிடும். ஐம்பது வயதிலும் தாராளமாகத் தொடங்கலாம். ‘குழல் ஊதினால் ஆஸ்துமா போய்விடும்’ என்று சொல்லிச் சேர்க்கிறவர்களை மட்டும் நம்ப வேண்டாம். மூச்சுத் தொல்லை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

முதல் வாரத்தில் ஒலியே வராது. எல்லோருக்கும் அப்படித்தான். கீழுதடு ஊதும் துளையில் கால்பங்குக்கு மேல் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும், வாய் சிறு கீற்றாகத் திறக்க வேண்டும், காற்று எதிர் விளிம்பைக் குறிவைக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். துளையை எதையும் மூடாமல், வெறும் குழலில் நீளமாக ஒரே ஒலி வந்த பிறகுதான் விரல் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். உட்கார்ந்து ஊதுங்கள், சுற்றினால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். பலம் கொடுத்து ஊதினால் ஒலி வரும் என்று நினைத்து அளவுக்கு மேல் காற்றை ஊதித் தள்ளுவதுதான் தலைசுற்றலுக்குக் காரணம்.

விரலை நுனியால் அழுத்தாமல் முதல் கணுவின் சதைப்பகுதியால் மூடுங்கள். வாசித்து முடித்ததும் விரலைத் திருப்பிப் பாருங்கள்: சதையில் வட்டமாகத் துளையின் தடம் முழுதாக விழுந்திருந்தால் சரியாக மூடியிருக்கிறீர்கள். பிறைபோல அரைத் தடம் விழுந்திருந்தால் அந்த விரல் கசிகிறது. ஒலி திடீரென்று கீச்சிடும்போது அநேகமாகக் குற்றவாளி வலதுகைச் சுண்டுவிரலோ மோதிர விரலோதான்.

பாடம் சரளி வரிசையில் தொடங்கும். பாட்டில் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பார்கள். ஆனால் குழலில் அந்த ராகத்துக்கு அரைத்துளை மூட வேண்டியிருக்கும், புதிதாகப் பழகுகிற விரலுக்கு அது பெரும்பாடு. ஹரிகாம்போதி முழுத்துளைகளிலேயே வந்துவிடும் என்பதால் சில ஆசிரியர்கள் அதில் தொடங்குவார்கள். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை வேற ராகத்தில் படிக்குதே’ என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், இரண்டும் முறைதான். தினமும் இருபது நிமிடம் தவறாமல் ஊதினால் ஒன்றிரண்டு மாதத்தில் ஒலி நிலைக்கும், ஆறு மாதத்தில் வரிசைகள் ஓரளவு கைக்கு வரும், கீதம் அதற்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஊதுவதில் பலன் இல்லை, உதடு மறந்துவிடும்.

மூன்று மாதத்தில் சினிமாப் பாட்டு என்று விளம்பரம் பார்த்தால் தாண்டிப் போங்கள்.

8. காற்று, வெயில், மழை

நம் ஊருக்கே உரிய சிக்கல் கடற்காற்று. கடற்கரையில் உட்கார்ந்து சாயங்காலம் ஊதலாம் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். போய்ப் பாருங்கள், ஒலியே வராது. உதட்டிலிருந்து விளிம்புக்குப் போகும் மெல்லிய காற்றை எதிர்க்காற்று கலைத்துவிடும். நன்றாக வாசிப்பவர்களே திரும்பி உட்கார்ந்து, தோளால் மறைத்துத்தான் ஊதுவார்கள். வீட்டில் மின்விசிறிக்கும் இதே கதை. மேசை விசிறி நேராகப் படும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘எனக்கு ஊதவே வரலை’ என்று வருந்துகிற பிள்ளைகள் நிறைய. விசிறியை நிறுத்துங்கள், அல்லது முதுகுப் பக்கம் திருப்புங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியின் பெட்டியிலோ பூட்டிய காரிலோ குழலை விடவே கூடாது. ஒரு மதியம் போதும், நீளவாக்கில் பிளந்துவிடும். குளிர்பதன அறையிலிருந்து எடுத்து வெயிலில் நீட்டுவதும் அப்படித்தான். மாதம் ஒருமுறை நல்லெண்ணெயோ பாதாம் எண்ணெயோ இரண்டு சொட்டு துணியில் தொட்டு, உள்ளேயும் வெளியேயும் மெல்லத் தடவி, ஒரு நாள் நிழலில் வைத்துத் துடைத்துவிடுங்கள். ஊதும் துளை விளிம்பில் எண்ணெய் தேங்கி நிற்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை வேறு. ஊதி முடித்ததும் உள்ளே எச்சில் ஈரம் இருக்கும். மெல்லிய குச்சியில் துணி சுற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட வைத்த பிறகுதான் உறையில் போட வேண்டும். அப்படியே போட்டால் வாரத்துக்குள் கருப்புப் புள்ளி விழும், வாடையும் வரும். ஒரே குழலை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஊத வேண்டாம். அக்கா தம்பியாக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று.

பஸ்ஸில் போகும்போது பள்ளிப் பைக்குள் செங்குத்தாகச் செருகி, முனை வெளியே நீட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். கூட்டத்தில் யாராவது சாய்ந்தால் முடிந்தது. பாதுகாப்பாகக் கொண்டுபோக, குழலைவிட இரண்டு விரல் நீளமாக ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும் இரண்டு மூடியும் ஹார்டுவேர் கடையில் வெட்டித் தருவார்கள். மூடியில் ஆணியால் நாலு துளை போட்டுக்கொண்டால் காற்றும் போகும்.

விரிசல் விழுந்துவிட்டால் உடனே பசையை ஊற்றாதீர்கள். பசை உள்சுவரில் கட்டிதட்டினால் சுருதி போய்விடும். விரிசல் துளையைத் தொடாமல் இருந்தால் இரண்டு பக்கமும் பருத்தி நூலை இறுகச் சுற்றி, ஆசிரியரிடம் காட்டும் வரை ஊதாமல் வைத்திருங்கள். துளைக்குள் ஓடிவிட்டது என்றால் குழல் முடிந்தது. அதே அளவில் இன்னொன்றுக்கு அன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள். செய்பவர் கையில் தயாராக இல்லாவிட்டால் வந்து சேர சில வாரம் ஆகும்.